தேசப்பனின் சளி

சளி என்ற சொல்லைக் கேட்டாலே மனிதர்களுக்கு முகம் கோணிக்கொள்ளும். இந்த ஸ்டேஷனில் நான் வந்து உட்கார்ந்தவுடன் உங்கள் ஏட்டம்மா என் பெட்டியை மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, கையைச் சுவரில் துடைத்துக்கொண்டார். பெட்டிக்குள் இருப்பவை இறுக்கி மூடிய குப்பிகள்தான், எதுவும் ஒழுகாது. அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் நாம் எல்லோரும் காலை முதல் இரவு வரை நம் சளியை நமக்கே தெரியாமல் விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். ஏட்டம்மாவும் விழுங்குகிறார். வெளியே வந்தவுடன்தான் அது அசிங்கமாகிவிடுகிறது.

என் பெயர் ஹெப்சி. அரக்கோணத்துக்காரி. காலையில் ரயிலேறித் திருத்தணியில் இறங்கி, யோபு சாரின் நெஞ்சு ஆஸ்பத்திரிக்கு நடந்து போவேன். மலையடிவாரத்தில், மொட்டை போட்டவர்களுக்குச் சந்தனமும் தொப்பியும் விற்கும் கடைகளுக்குப் பின்னால் இருக்கிறது அது. யோபு சார் வயதானவர், நல்லவர், யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். என் ஆராய்ச்சிக்கு மாடியில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்திருந்தார். அதற்குக் கைமாறாக, அவருடைய நோயாளிகளுக்கு நெபுலைசர் வைத்துவிடும் வேலையை நான் பார்த்துக்கொண்டேன். முகத்தில் மாஸ்க் மாட்டி, மருந்தைப் புகையாக உள்ளே இழுக்கச் செய்யும் வேலை. நர்ஸ் புதிதாக வைத்துக்கொள்ள அவருக்கு வசதி இல்லை. எனக்கும் அது தோதாகவே இருந்தது.

என் ஆராய்ச்சி என்ன என்று கேட்டீர்கள். சளியைக் குழகுழவென்று ஏதோ ஒன்று என்று நினைக்கிறீர்கள். அது ஒரு வலை. மிக நுண்ணிய இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும். தூசியும் கிருமியும் அதில் சிக்கிக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால், நோய் முற்றினால் வலை மேலும் நெருங்கிவிடும், அப்போது மருந்தும் சிக்கிக்கொள்ளும். உள்ளே போக வேண்டிய மருந்து வாசலிலேயே நின்றுவிடும். வலையின் கண்கள் எவ்வளவு பெரியவை என்று தெரிந்தால்தான் அதற்குள் நுழைகிற மருந்தைச் செய்ய முடியும். ஆனால் அந்தக் கண்களைச் சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியாது. அதனால் நானோ துகள்களைக் கலந்துவிடுவோம். மலையில் இறக்கிய முடியில் ஒன்றை எடுத்து, அதன் தடிமனை ஆயிரமாகப் பிளந்தால் வருகிற அளவு. ஒளிரக்கூடிய துகள்கள். அவை சளிக்குள் எப்படி அலைகின்றன என்று பார்த்தால் வலை எப்படி இருக்கிறதென்று தெரிந்துவிடும்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தை புகுந்து புறப்பட்டு மேலே போய்விடும், காவடி எடுத்தவர் ஓரிடத்திலேயே நின்று ஆடிக்கொண்டிருப்பார். அவர்கள் இருவரையும் பார்த்தாலே கூட்டம் எவ்வளவு நெருக்கம் என்று கோபுரத்தில் நிற்பவனுக்குத் தெரியும். நான் கோபுரத்தில் நின்றவள். அவ்வளவுதான் என் வேலை. இதில் கெட்டது எதுவும் இல்லை என்பதை நீங்கள் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தேசப்பன் அம்மையார்குப்பத்தில் பவர்லூம் ஓட்டுகிறவர். ஓட்டினவர். பல வருடம் பஞ்சுத் தூசியை இழுத்து, மூச்சுக்குழாய்கள் தளர்ந்து விரிந்து, உள்ளே சளி குளமாகத் தேங்கிக் கிடந்தது. மனைவி புவனாவோடு பஸ்ஸில் வந்து இறங்குவார். முதல் நாள் யோபு சார் பரிசோதித்துவிட்டு, சளி மாதிரி எடுக்க என்னிடம் அனுப்பினார். டப்பாவை நீட்டி, இதில் துப்புங்கள் என்றேன். தேசப்பன் சிரித்துவிட்டார்.

"இன்னா மேடம், எங்க போனாலும் தூரப் போய்த் துப்புன்றாங்க. நீங்க ஒருத்தருதான் இங்க துப்புன்றீங்க."

எனக்கு அவரைப் பிடித்துப்போனது அப்போதே. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது.

அன்று அவருடைய சளியை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது, சாப்பாட்டை மறந்துவிட்டேன். எத்தனையோ பேருடைய சளியைப் பார்த்திருக்கிறேன். ஒருவருடையது தண்ணீராக இருக்கும், இன்னொருவருடையது கட்டி கட்டியாக இருக்கும், எதையும் சேர்த்துவைத்து ஒரு முடிவுக்கு வர முடியாது. தேசப்பனுடையது ஒரே சீராக இருந்தது. இங்கே பார்த்தாலும் அங்கே பார்த்தாலும் அதே நெருக்கம். பெரிய துகள்கள் துடித்துக்கொண்டு நின்றன. வழவழப்பான பூச்சு கொடுத்த சிறியவை மட்டும் மெல்ல ஊர்ந்து வழி கண்டுபிடித்துப் போயின. தறிக்காரருக்குச் சளியும் நெசவாகத்தான் இருக்கும்போல என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அதை அவரிடம் சொன்னபோது அவருக்கும் பெருமையாக இருந்தது. ஊரெல்லாம் அருவருக்கிற ஒன்றை ஒரு பெண் நல்லா இருக்குது என்று சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது.

யோபு சார் அவருக்குச் சளியைக் கரைக்கும் மருந்து எழுதினார். வாரத்துக்கு இரண்டு முறை என் அறைக்கு வந்து நெபுலைசர் பிடிக்க வேண்டும். மருந்து வேலை செய்தது. அந்த மருந்து செய்கிற வேலையே வலையின் முடிச்சுகளை அவிழ்ப்பதுதான். சில வாரங்களில் தேசப்பன் மாடிப்படியில் நிற்காமல் ஏறி வந்தார். புவனா சந்தோஷத்தில் எனக்குச் சீதாப்பழம் கொண்டுவந்து கொடுத்தாள். நான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். துகள்கள் இஷ்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்தன. வலையே இல்லை. ஆராய்ச்சி பாதியில் நின்றது. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் எனக்கு அன்று அழுகை வந்தது. சீதாப்பழத்தை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டேன்.

அடுத்த முறை நெபுலைசரில் மருந்துக்குப் பதிலாக வெறும் உப்புத் தண்ணீர் ஊற்றினேன்.

உப்புத் தண்ணீரும் மருந்துதான். எந்த டாக்டரை வேண்டுமானாலும் கேளுங்கள். மூச்சுக்குழாயை நனைக்கும், இருமலைக் கிளப்பும், சளியை வெளியே கொண்டுவரும். அவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. "இப்போ கொஞ்சம் தேவல மேடம்" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நாள் மட்டும், வலை பழையபடி கட்டிக்கொள்கிறவரை மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த மருந்தை நான் விற்கவும் இல்லை, எடுத்துக்கொள்ளவும் இல்லை. என் மேசை இழுப்பறையில் பத்திரமாகவே இருந்தது.

வலை கட்டிக்கொண்டது. ஆனால் அதற்குள் எனக்கு வேறொரு சந்தேகம் வந்துவிட்டது. டப்பாவில் துப்பிய சளி வெளியே வந்து காற்றுப் பட்டது. ஆறிப்போனது. அதில் பார்ப்பதும் நெஞ்சுக்குள் நடப்பதும் ஒன்றுதானா? பிடித்துவந்து தொட்டியில் போட்ட மீனைப் பார்த்துவிட்டு ஆற்று மீனைப் பற்றி எழுத முடியுமா? துகள்கள் உயிருள்ள சளிக்குள், அது இருக்கிற இடத்திலேயே பயணம் செய்ய வேண்டும். அதனால் உப்புத் தண்ணீரில் துகள்களைக் கலந்தேன். முதலில் மிகக் குறைவாக. அவர் இருமித் துப்பியதில் அவை எங்கே எப்படிச் சிக்கியிருக்கின்றன என்று பார்த்தேன். அதுவரை யாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

அவரிடம் கேட்டேனா என்கிறீர்கள். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் தலையாட்டியிருப்பார். நான் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவர் அவர். அப்படிப்பட்டவரிடம் கேட்பது வெறும் ஒப்புக்குத்தான். அந்தச் சடங்கை நான் செய்யவில்லை, அவ்வளவே.

அவருக்கு இருமல் அதிகமானது. படியேறும்போது நடுவில் உட்கார ஆரம்பித்தார். யோபு சாருக்கு மருந்தின்மேல் சந்தேகம் வரவில்லை, என்மேலும் வரவில்லை. அவருடைய சந்தேகம் நேராகத் தேசப்பன்மேல் போனது.

"உண்மையச் சொல்லு தேசப்பா. திருட்டுத்தனமா பீடி குடிக்கிறியா?"

"சத்தியமா இல்ல சார். தறிக்காரனுக்குப் பஞ்சுத் தூசியே போதும். பீடி வேற எதுக்கு?"

"அப்புறம் எப்டிப்பா மருந்து கேக்காம போவும்?"

யோபு சார் என்னைப் பார்த்தார். தோளை மட்டும் லேசாகக் குலுக்கினேன். அன்றிலிருந்து புவனா அவருடைய சட்டையை மோந்து பார்க்கத் தொடங்கினாள். பொடிக்கடை, டீக்கடை என்று போய் விசாரித்தாளாம். பீடி வாசனை வரவில்லை. ஆனால் சந்தேகம் ஒருமுறை வீட்டுக்குள் வந்துவிட்டால் சும்மா திரும்பிப் போகாது, வேறு யார்மேலாவது போய் உட்காரும்.

ஒரு நாள் தேசப்பன் மாஸ்க்கோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நான் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தேன். புவனா என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மேடம், நான் ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது. இவருக்கு மருந்து வெச்சிட்டாங்க மேடம்."

என் கை நின்றுவிட்டது. "யார் சொன்னது?" என்றேன். இப்போது நினைத்தால் அது தப்பான கேள்வி. கெட்டிக்காரியாக இருந்திருந்தால் அங்கேயே பிடித்திருப்பாள்.

"யாரு சொல்லணும்? எனக்கே தெரியுது. எப்பப் பாத்தாலும் இங்க வந்துட்டுப் போற அன்னிக்குத்தான் அதிகமாவுது. விடிய விடிய இருமிகினே கெடக்கறாரு. மத்த நாள்ல இவ்ளோ இல்ல."

படித்தவள் இல்லை, நாளையும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்துச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள் என்று பயந்தேன். நிஜமாகவே பயந்தேன், இதை மறைக்கவில்லை. அடுத்து என்ன சொல்வாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இங்க வர்ற அன்னிக்கு நான் ஊட்ல ஆக்கறதில்ல மேடம். பஸ் புடிச்சுப் போய்ச் சேரவே இருட்டிடுது. கமலாக்கா ஊட்லதான் சோறு. எங்க பாவா, இவரோட அண்ணன், செத்த பின்னாடி அது தனியாத்தான் கெடக்குது. நான்தான் பாவம்னு ஒட்டவெச்சுகினு இருந்தேன். பூர்வீக ஊடு எங்க பேர்ல இருக்குதுன்னு அதுக்கு உள்ளுக்குள்ள இருந்துகினே இருக்குது போல."

அப்போதுதான் புரிந்தது, அவள் சொன்னது இடுமருந்தை என்று. உங்களுக்கும் தெரிந்திருக்கும். பகையாளிக்குச் சோற்றிலோ வெற்றிலையிலோ ரகசியமாகக் கலந்து கொடுப்பார்களாம். வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளை உள்ளிருந்தே அரிக்குமாம். எங்கள் சர்ச் ஆட்களே அதை நம்புகிறார்கள். கமலா தேசப்பனின் அண்ணன் மனைவி. அவள் வைத்த சோற்றில் மருந்து இருந்தது என்பது புவனாவின் சந்தேகம். நான் மூச்சுவிட்டேன். அந்த நிமிடத்தில் எனக்கு உண்டான நிம்மதியை எப்படிச் சொல்ல.

அவளிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "சாப்ட்ட உடனே இருமல் வருதா, கொஞ்ச நேரம் கழிச்சா?"

மருத்துவத்தில் எல்லோரும் கேட்கிற கேள்வி. குழம்பில் காரம் அதிகமா என்றும் கேட்டேன். புவனா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். தன் சந்தேகத்தைப் படித்தவள் ஒருத்தி சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது. கமலா என்ற பெயரை நான் ஒரு தடவைகூட உச்சரிக்கவில்லை. வேண்டுமானால் புவனாவைக் கேட்டுப் பாருங்கள்.

பிறகு அவர்கள் பள்ளிப்பட்டுக்கு அந்தப் பக்கம், ஆந்திரா எல்லையோரம் மருந்து எடுக்கிற ஆள் ஒருவரிடம் போயிருக்கிறார்கள். அவர் ஏதோ பச்சிலைச் சாற்றைக் குடிக்க வைத்து, வாந்தி எடுக்கச் செய்து, வந்ததில் கைவிட்டு ஒரு கட்டியைப் பொறுக்கி எடுத்து, "இதோ, வெச்ச மருந்து" என்று காட்டியிருக்கிறார். வழக்கமாக அங்கேயே கொளுத்திவிடுவார்களாம். புவனா விடவில்லை. ஊரைக் கூட்டிக் காட்ட வேண்டும் என்று மஞ்சள் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு, நேராக என்னிடம் வந்துவிட்டாள்.

"மெஷின்ல வெச்சுப் பாத்து இன்னா மருந்துன்னு சொல்லுங்க மேடம். நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்."

பார்த்தேன். சளிக்கட்டிதான் அது, வாந்தியோடு வந்த இருமலில் நெஞ்சின் ஆழத்திலிருந்து பெயர்ந்து வந்தது. டப்பாவில் எனக்கு ஒருபோதும் கிடைக்காத ஆழம். உள்ளே என் துகள்கள் அடுக்கடுக்காகச் சிக்கியிருந்தன. சிறியவை உள்ளே போயிருந்தன, பெரியவை வெளியே நின்றிருந்தன, நடுவில் கோடு போட்டதுபோல ஒரு எல்லை. நான் எதிர்பார்த்திருந்தது அப்படியே இருந்தது. என் கண் கலங்கியதைப் புவனா பார்த்துவிட்டாள். தன் புருஷனுக்காக என்று நினைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க மேடம். ஏதாவது இருக்குதா?"

"ஆங், இருக்கு. வெளியிலேருந்து வந்தது ஏதோ உள்ள இருக்கு" என்றேன்.

அதில் எந்த வார்த்தை பொய் என்று நீங்களே சொல்லுங்கள். உள்ளே இருந்தது உண்மை, வெளியிலிருந்து வந்ததும் உண்மை. புவனா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மிச்சக் கட்டியைத் திருப்பிக் கேட்டாள். ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று முழுவதையும் வைத்துக்கொண்டிருக்கலாம். பாதியை வெட்டி எடுத்துக்கொண்டு பாதியைக் கொடுத்துவிட்டேன். இந்த விஷயம் முழுவதிலும் நான் செய்த ஒரே தவறு அதுதான்.

கமலாவுக்கு என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். தெருவில் அவள் வைத்த குடத்தை உதைத்துத் தள்ளினார்கள். கடையில் அவளுக்குச் சாமான் கொடுக்க மாட்டேன் என்றார்கள். அவள் மலையேறி முருகன் சன்னதியில் கற்பூரத்தை அடித்து அணைத்து, நான் வைக்கவில்லை என்று சத்தியம் செய்தாளாம். சாமிக்கே பயப்படாதவள் என்று ஊர் அதற்கும் ஒன்று சொன்னது. என்னைத் தேடியும் வந்தாள். கைகூப்பிக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"நீங்க மெஷின்ல பாத்து சொன்னீங்களாமே. அது வெசமா, இன்னாதுன்னு தெளிவா சொல்லுங்க மேடம். என் கொழுந்தனார் அவரு. நான் தூக்கி வளத்த புள்ள மாதிரி. அவருக்குப் போயி நான் வெப்பனா?"

இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறோம் என்று சொன்னேன். அதுவும் உண்மைதான். அவள் போன பிறகு மேசை துடைக்கிற வேலை இருந்தது.

புவனா அதன் பிறகு புருஷனுக்கு வெளியே ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. தன் கையால் சமைத்து, தூக்குவாளியில் பூட்டுப் போடாத குறையாகக் கொண்டுவந்தாள். உலகத்தில் அவள் நம்பியது என் அறையை மட்டும்தான். என் மாஸ்க்கில் வந்த புகையை மட்டும்தான். அதனால் வாரத்துக்கு இரண்டு என்பதைத் தானாகவே மூன்றாக்கினாள். நான் வற்புறுத்தவில்லை. கலக்குகிற துகள்களை மட்டும் கொஞ்சம் அதிகமாக்கினேன்.

தேசப்பன் இறந்த மறுவாரம், போலீசில் கமலாமேல் எழுதிக் கொடுப்பதற்காகப் புவனா கிளம்பியிருக்கிறாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அப்துல் கரீம் பாயின் ஜெராக்ஸ் கடை. ஆதார் கார்டை நகலெடுக்கப் போனவள், கதையைச் சொல்லி அழுது, துணி முடிச்சை அவிழ்த்து அவரிடம் காட்டியிருக்கிறாள். கல்லாப் பக்கத்தில் கள்ள நோட்டைப் பார்க்கிற ஊதா விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சம் பட்டதும் காய்ந்துபோன கட்டி ஆரஞ்சு நிறத்தில் தணல்போல எரிந்ததாம். புவனா அலறியிருக்கிறாள். பாய் அலறவில்லை. தன் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அதே விளக்கின் கீழே விரித்திருக்கிறார். வெள்ளைத் துணி சோப்புப் பவுடரால் நீலமாகத் தெரியும், அது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். அதன் நடுவில், அவர் இருமித் துடைத்த இடத்தில், அதே ஆரஞ்சு.

"நானும் ரொம்ப நாளா பாத்துகினு இருக்கேன்மா, இன்னாடா இது கலரு, மாத்திரையால இருக்கும்னு உட்டுட்டேன். எனக்குச் சோறு போடறது என் பொண்ணு தில்ஷாத். உங்க கமலா கையால நான் தண்ணிகூடக் குடிச்சது இல்ல. அப்ப எனக்கு யாரு மருந்து வெச்சாங்கோ?"

இரண்டு பேரும் ஒன்றாகப் போகிற இடம் எது என்று யோசிக்க அவர்களுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. புவனா முதலில் கமலாவின் வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்தாள் என்று கேள்விப்பட்டேன். இப்போது வெளியே பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் வரும்போது பார்த்தேன். புவனா கமலாவின் தோளில் சாய்ந்திருந்தாள். பூர்வீக வீட்டு விஷயத்தில் பல வருடமாக உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தவர்கள் இன்று ஒன்றாகிவிட்டார்கள். நல்லதுதான்.

என் அறைக்கு வந்துகொண்டிருந்த பாய்க்கும் துகள்களை எதற்காகக் கொடுத்தேன் என்றால், ஒப்பிட்டுப் பார்க்க வயதானவர் ஒருவருடைய சளியும் தேவைப்பட்டது. ஒரே ஆளிடம் கண்டதை வைத்து யாரும் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இன்னும் யார் யார் என்று கேட்கிறீர்கள். தனித்தனியாகப் பெயர் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. என் அறையில் மாஸ்க் மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும்தான். அவர்களில் பெரும்பாலானவர்கள் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பதையும் நீங்கள் பார்க்க வேண்டும்.

கடைசியாக, யோபு சார் உங்களிடம் ஏதோ சொல்லியிருக்கிறார். தேசப்பன் இறந்த மதியம் என்னிடம் வந்து எதையோ கேட்டாராம், நான் என்ன பதில் சொன்னேன் என்று தெரிய வேண்டும் என்கிறீர்கள். சொல்கிறேன். மறைப்பதற்கு எதுவும் இல்லை.

அன்று தேசப்பனை ஆட்டோவில் தூக்கிவந்தார்கள். உதடு நீலமாக இருந்தது. கீழே கட்டிலில் படுக்கவைத்து ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கிட்டே போனபோது என்னைப் பார்த்து அவர் ஒரு கையைத் தூக்கினார். வணக்கம் சொன்னாரோ, கூப்பிட்டாரோ தெரியவில்லை. நான் அவர் வாயோரம் இருந்ததைக் குச்சியில் எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் யோபு சார் மூச்சிறைக்கப் படியேறி வந்தார். அந்த வயதில் அவர் படியேறவே மாட்டார்.

"ஹெப்சி, இவனுக்கு அந்த மருந்து ஒழுங்கா போயிருக்கா? போகலன்னா இப்பவே போட்டு, சளியக் கரைச்சு உறிஞ்சி எடுத்துடலாம், ஆள் பொழச்சிக்குவான். போயும் இப்டின்னா அது இவனுக்குக் கேக்கலன்னு அர்த்தம். மறுபடி அதையே போட்டு நேரத்த வீணாக்க முடியாது. யோசிச்சுச் சொல்லும்மா."

யோசித்தேன். உப்புத் தண்ணீருக்கு மாறிய பிறகு சேர்ந்த மருந்துக் குப்பிகள் அத்தனையும் மூடி உடைக்காமல் என் முழங்காலுக்குப் பக்கத்தில், மேசை இழுப்பறைக்குள் இருந்தன. கையை நீட்டினால் போதும். நீட்டினால் அவை ஏன் உடைக்கப்படவில்லை என்று கேட்பார். அதுகூடப் பெரிதில்லை, ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். மருந்து உள்ளே போனால் வலை அவிழ்ந்துவிடும். இத்தனை மாதம் நான் கட்டிக் காத்தது ஒரு மதியத்தில் கரைந்து, உறிஞ்சுகிற குழாய் வழியாகச் சாக்கடைக்குப் போய்விடும். அதைத்தான் நினைத்தேன்.

"முழுசா போயிருக்கு சார், ஒரு வேளை கூட விடல" என்றேன்.

அவர் என்னை நம்பினார். ஆட்டோ பிடித்து தேசப்பனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா, வேறு ஊசி போடலாமா என்று ஏதேதோ சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார். நான் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். கீழே புவனா கத்துகிற சத்தம் கேட்டபோது எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்ததைப் பாதியில் விட முடியாது, மாதிரி காய்ந்துவிடும். முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். ஆனால் இறங்கியவுடன் நேராகப் புவனாவிடம்தான் போனேன், வேறு யாரும் அவளைத் தேற்ற வரவில்லை, அவள் என் மடியில்தான் விழுந்து அழுதாள், அவள் தலையை நான் வெகுநேரம் தடவிக்கொடுத்தேன். அதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு இரக்கம் இல்லை என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது.